விமானி செய்த தவறு

பாரிஸ் நகருக்கு அணித்தாகச் செய்ன் நதிக்கரையிலுள்ள பெசோன் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் திகதி, பெருந்திரளான மக்கள் கூடி நின்றனர். ஆகாயப் பிரயாணத்தை ஆபத்தற்றதாக்கும் கருவிகளுக்கென அங்கே ஒரு போட்டி நடைபெற்றது. இருபத்தொரு வயதினரான லோறன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்கர் தம்முடைய நீர்விமானத்தை நதியின்மேல் தாழ்வாகச் செலுத்தி வந்தார்; நடுவர்களுக்கு நேரே வந்ததும் இரு கைகளையும் பிடியினின்றும் எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். மறுமுறை வருகையில், உடன்சென்ற எமில் காஷன் என்னும் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆசனத்தை விட்டெழுந்து இறக்கையின்மீது நடந்தார். ஒரு பக்கத்திலே பாரம் ஏறியும் விமானம் சரியவில்லை. அதனுள்ளே சுழன்றுகொண்டிருந்த சிறு பம்பரங்கள் சரிவை உணர்ந்து, அசையுந் தட்டுக்களைத் தாமே இயக்குவித்துச் சமநிலை காத்தன. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை இலகுவில் விட்டுக்கொடாது. முற்றத்திலே பம்பரம் விடும் சிறுவரும் அறிந்த இவ்வுண்மையே தானியங்கி ஓட்டி என்னும் கருவிக்கு அடிப்படையாகும். பரிசு ஸ்பெரிக்கே கிடைத்தது.

கையை எடுப்பதே வியப்பாகத் தோன்றிய காலம் அது. எடுத்த கையை எப்பொழுது மீண்டும் வைப்பது, யந்திரம் கைவிடும் வேளையை மனிதன் எவ்வாறு அறிவது என்னும் கேள்விகள் அன்று கரையில் நின்றோருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகளின்பின், 1947 செப்டெம்பரில், அமெரிக்க இராணுவத்தின் நான்கு எஞ்சின் விமானமொன்று நியூபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்து வரைக்கும், எழும்புதல் முதல் இறங்குதல் ஈறாகத் தானியங்கியின் வசமாகவே வந்து சேர்ந்தது. யந்திரம் இவ்வாறு வளர்ந்த அதே காலத்தில், விபத்து விசாரணை அறிக்கைகளிலே ‘விமானியின் தவறு’ என்ற தொடரும் வளர்ந்து நிலைபெற்றது. அத்தொடரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சோம்பல் என்பதை, வர்த்தகப் பிரமுகர்களுக்கென எழுந்த சிறு ஜெற் விமானங்களின் சரித்திரம் நன்கு காட்டும். அச்சரித்திரத்தின் வேரோ ஒரு போர் விமானத்திலே கிடக்கிறது.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேற்றன் நகரையடுத்த றைற் களத்தில், இராணுவத்தார் புதிய குண்டுவீச்சு விமானங்களைப் பரீட்சித்துக்கொண்டிருந்தனர். போட்டியில் முன்னணியில் நின்றது போயிங் கம்பனியாரின் 299ஆம் மாதிரி. பெரிய விமானம் தரையிலே நிற்கும்போது, வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையுந் தட்டுக்களைக் காற்றுப் பிடித்து அடித்துச் சேதப்படுத்திவிடும். துறையில் நிற்கும் தோணியின் சுக்கானைக் கட்டிவைப்பது போல, அத்தட்டுக்கள் அசையாதபடி பிடித்துவைக்க ஒரு பூட்டு அவ்விமானத்தில் அமைக்கப்பட்டிருந்தது. எழும்புமுன் அதனை விமானி தம் அறையிலிருந்தே திறந்துவிடல் வேண்டும். அன்று அது திறக்கப்படவில்லை. விமானம் நிலத்தை விட்டு மூக்கை நிமிர்த்தி ஏறியது. ஏறக்குறைய 300 அடி உயரத்தில் விசையிழந்து கவிழ்ந்து வீழ்ந்து தீப்பற்றியது. ஓட்டிச் சென்ற மேஜர் பிளோயர் ஹில் அன்றே மாண்டார். போயிங் கம்பனியின் பரீட்சை விமானி லெஸ்லி டவர் சில கிழமைகளின்பின் மாண்டார். மற்றை மூவர் உயிர் தப்பினர்.

ஹில் அனுபவமற்றவர் அல்லர். றைற் களத்துப் பரீட்சைப் பறப்புக்களுக்குப் பொறுப்பாயிருந்தவர். ஆகவே, புதியவன் செய்த பிழை என்று எவரும் கூறித் தப்ப முடியவில்லை. ஒருவர் ஓட்டும் அளவுக்கு மிஞ்சிய விமானம் இது என்றும் பேச்சு எழுந்தது. பெருந்தொகையான விமானங்களுக்கான கட்டளை டக்ளஸ் கம்பனிக்குப் போயிற்று. போயிங்குக்குப் பரீட்சார்த்தமாகப் 13 விமானங்களுக்கு மட்டுமே கட்டளை கிடைத்தது. அவற்றைப் பறக்கவிடப் பொறுப்பேற்ற விமானிகள் ஒரு காரியம் செய்தனர். அதிகப் பயிற்சி வேண்டும் என்று கேட்டு நின்றாரல்லர். எழும்புமுன், பறக்கையில், இறங்குமுன், இறங்கியபின் செய்யவேண்டியவற்றை வரிசையாகத் தாளில் எழுதி, ஒருவர் வாசிக்க மற்றவர் தொட்டுப் பார்த்து மறுமொழி கூறும் வழக்கத்தை ஏற்படுத்தினர். இன்று உலகிலுள்ள ஒவ்வொரு விமானி அறையிலும் காணப்படும் சரிபார்ப்புப் பட்டியல் இவ்வாறே பிறந்தது. நினைவாற்றலில் நம்பிக்கை வையாமையே அதன் சிறப்பு.

அடுத்த படியை எடுத்துவைத்தவர் விமானியல்லர்; அல்போன்ஸ் சபானிஸ் என்னும் மனோதத்துவ அறிஞர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பத்திரமாக இறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த விமானங்களின் சக்கரங்களை விமானிகளே மடக்கிவிட, அவை வயிற்றால் தேய்ந்து சிதைந்தன. பதிவேடுகளில் இவை யாவும் ‘விமானியின் தவறு’. 1943ஆம் ஆண்டளவில் சபானிஸ் விமானி அறைக்குள்ளே சென்று பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கைத் தட்டை மடக்கும் பிடியும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. பிடிகள் அவ்வாறு அமையாத வேறொரு விமானத்தில் அத்தவறு நிகழவேயில்லை! ஒரு பிடியின் நுனியிலே சிறிய இறப்பர்ச் சக்கரமும் மற்றதன் நுனியிலே ஆப்பு வடிவான துண்டும் பொருத்தினார். இருளில் தடவினாலும் வேறுபாடு தெரிந்தது. இன்றும் சக்கரப் பிடி சக்கர வடிவினதாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 1947இல் போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் என்னும் இருவர், பிடிகளை இயக்குவதில் விமானிகள் செய்த 460 தவறுகளைத் திரட்டி ஆராய்ந்து, அவற்றிற் பெரும்பான்மை மனிதனின் இயல்பை எண்ணாமற் கருவியை அமைத்ததன் விளைவே என்று காட்டினர்.

இந்த அறிவெல்லாம் கையிலிருந்த காலத்திலேயே வர்த்தகர் ஜெற் பிறந்தது. லொக்கீட் கம்பனியாரின் ஜெற்ஸ்டார் 1957 செப்டெம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஆயினும் இவ்வகை விமானத்தைப் பிரபலமாக்கியவர் வில்லியம் லியர். அவருக்குப் புகழ் தேடித்தந்தது விமானமன்று, தானியங்கி ஓட்டியே. ஜெற் விமானங்களுக்கான தானியங்கியை ஆக்கியமைக்காக 1949ஆம் ஆண்டுக்குரிய கொலியர் பரிசைப் பெற்றவர் அவர். 1963ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி கான்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிலிருந்து அவருடைய முதலாவது லியர்ஜெற் எழும்பியது. மறு ஆண்டு யூன் மாதத்தில் அதே விமானம் வயலில் வீழ்ந்து எரிந்தது. அரசாங்க அனுமதிக்கான பரீட்சையின்போது, அரசாங்கத்தின் விமானியே ஓட்டிக்கொண்டிருந்தார். இறக்கையின்மேல் எழுந்து நின்று தூக்குவிசையைக் கெடுக்கும் தட்டுக்களை மடக்காமல் அவர் எழும்பிவிட்டார். உள்ளிருந்தோர் தப்பினர். தவறுகளைத் தடுக்கும் கருவிகளை விற்றுச் செல்வரான ஒருவரின் முதல் விமானத்தை, தவறுகளைக் கண்டுபிடிக்க வந்தவரின் மறதி அழித்தது.

தனி ஜெற்றை ஓட்டுவோரின் தொழில், விமான சேவைக் கம்பனியின் விமானியின் தொழிலினின்றும் வேறானது. கம்பனி விமானிக்குப் பின்னே தரையில் ஒரு பெருங்கூட்டமே உண்டு: வழியை வகுப்போர், வானிலையைப் பார்ப்போர், அடிக்கடி பரீட்சிப்போர். தனி ஜெற்றிலோ அநேகமாக இரண்டு பேரே. நாள்தோறும் அதே இருவர். சென்றறியாத சிறு மலைநாட்டு நிலையங்களுக்கும் அவர்கள் போகவேண்டி வரும். கூலி கொடுப்பவர் ஒரு மெல்லிய கதவுக்கு அப்பால் அமர்ந்திருப்பார். 2001ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி கொலறாடோ மாநிலத்து அஸ்பென் நகரிலே, மலைகளுக்கு நடுவில், மாலை இருளில், பனி பொழிகையில் இறங்க முயன்ற கல்ப்ஸ்ட்ரீம் ஜெற் ஒன்று மோதி 18 பேர் இறந்தனர். இறங்கியே தீரவேண்டும் என்று வாடகைக்கு அமர்த்தியவர் விடுத்த வற்புறுத்தலையும் விசாரணைச் சபை காரணங்களுள் ஒன்றாக எழுதிற்று. எத்தகைய கருவியும் அந்தக் கதவுக்கு அப்பாலிருந்து வரும் குரலைத் தணித்துவிடாது.

1999ஆம் ஆண்டில் ஆறு கிழமைகளுக்குள் நிகழ்ந்த இரு விபத்துக்கள், தானியங்கியின் இரு முகங்களையும் காட்டின.

செப்டெம்பர் 14ஆம் திகதி கிரேக்க அரசாங்கத்தின் பல்கன் 900 ஜெற் ஏதென்ஸிலிருந்து புக்கறெஸ்ற் நகருக்குச் சென்றது. பிடியின் கனத்தை வேகத்துக்கேற்ப மாற்றிக்கொடுக்கும் அமைப்பில் கோளாறு என்று ஒரு விளக்கு, பறப்பின்போது எரிந்துகொண்டே இருந்தது. அவ்வாறாயின் வேகத்தைக் குறைத்துப் பறத்தல் வேண்டும் என்று கைநூல் கூறிற்று. தானியங்கியோ குறையொன்றும் தெரியாதபடி விமானத்தைக் கொண்டுசென்றது. ருமேனியாவின்மேல் தாழ்ந்து வருகையில், தானியங்கி இணைந்திருக்கும்போதே விமானி பிடியை இழுத்தார், தானியங்கி விலகிக்கொண்டது. கனமிழந்த பிடி அவர் கைக்கு வந்தது. சிறிது அசைத்தாலும் பெரிதாக ஆடும் விமானத்தை அடக்க முயன்ற ஒவ்வொரு முயற்சியும் ஆட்டத்தைப் பெருக்கிற்று. ஆசனப் பட்டி அணியாத பிரயாணிகள் கூரையிலும் தரையிலும் மோதுண்டனர். விமானம் பத்திரமாக இறங்கிற்று. ஆனால் அதிலிருந்த 13 பேரில், கிரேக்க வெளிவிவகாரப் பிரதி அமைச்சர் யானொஸ் க்ரனிடியோற்றிஸ் உட்பட எழுவர் இறந்துவிட்டனர்.

ஒக்டோபர் 25ஆம் திகதி, அவ்வாண்டு அமெரிக்கத் திறந்த கோல்ப் போட்டியில் வெற்றிபெற்ற பெயின் ஸ்டுவர்ட்டும் மற்றும் ஐவரும் சென்ற லியர்ஜெற், புளோறிடாவின் ஓர்லாண்டோவிலிருந்து டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரை நோக்கி எழும்பியது. சில நிமிடங்களுக்குள் அதனிடமிருந்து மறுமொழி நின்றுபோயிற்று. விமானத்துள்ளே காற்றழுத்தம் இழக்கப்பட்டு, பிராணவாயு கிடையாமல் யாவரும் நினைவிழந்தனர். அழுத்தம் போனது ஏன் என்பது பின்னரும் துணியப்படவில்லை. போர் விமானங்கள் அருகே சென்று பார்த்தபோது சாளரங்கள் பனி படர்ந்திருந்தன. மாட்டுவண்டிக்காரன் உறங்கிவிட்டாலும் மாடுகள் பழகிய வழியே வீடு சேரும். இந்த மாட்டுக்கு வீடு தெரியாது. திருப்பிவிட்ட திசையிலேயே ஏறக்குறைய நான்கு மணி நேரம் நேராகச் சென்று, எரிபொருள் தீர்ந்து, வடக்கே தென் டகோட்டா மாநிலத்து மேய்ச்சல் நிலமொன்றில் வீழ்ந்தது. முதற் கதையில் யந்திரம் விட்டகன்றது கேடாயிற்று. இதில் யந்திரம் கடைசிவரை விடாமற் பிடித்திருந்தும் எவரையும் காக்கவில்லை.

இனி 1935ஆம் ஆண்டின் பூட்டுக்குத் திரும்பலாம். ஏனெனில் அது 79 ஆண்டுகளின்பின் மீண்டும் தோன்றிற்று.

2014ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு 9.40 மணியளவில், பொஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள பெட்போர்ட் விமான நிலையத்தில் கல்ப்ஸ்ட்ரீம் 4 ரக ஜெற் ஒன்று ஓடுபாதையில் ஓடத் தொடங்கிற்று. பிலடெல்பியாவின் பத்திரிகை அதிபர் லூயிஸ் காட்ஸ் என்பவரும் மூன்று விருந்தினரும் அற்லாண்டிக் சிற்றிக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். விமானிகள் இருவரும் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்கள். ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒன்றாகவே பறந்தவர்கள். தட்டுக்களைப் பிடித்துவைக்கும் பூட்டு அன்றிரவு திறக்கப்படவில்லை. எஞ்சின் ஏற்றுமுன் திறந்திருக்கவேண்டும். திறக்க மறந்தாலும், எழும்புமுன் பிடியை எல்லாத் திசையிலும் அசைத்துப் பார்க்கும் சோதனையில் அது வெளிப்பட்டிருக்கும். அச்சோதனையும் செய்யப்படவில்லை. குரற்பதிவுக் கருவியில், பட்டியலை ஒருவர் வாசிக்க மற்றவர் மறுமொழி கூறும் ஒலி இல்லை.

விசைப்பிடிகள் உரிய அளவுக்கு முன்செல்லவில்லை. விசையைத் தானே சரிசெய்யும் தானியங்கிக் கருவியை இணைத்தும் எஞ்சின்கள் வேண்டிய விசையை எட்டவில்லை. வாலின் தட்டைப் பற்றி ஒரு விளக்கும் எரிந்தது. ஓட்டம் நிற்கவில்லை. வேகம் மிகுந்தபின் பிடியை இழுத்த தலைமை விமானி, பூட்டு இருக்கிறது என்று பலமுறை கூறியது பதிவாகியிருக்கிறது. முதலில் அவ்வாறு கூறிய கணத்திலிருந்து ஏறக்குறைய 11 விநாடிகளுக்குள் ஓட்டத்தைக் கைவிட்டிருந்தால், விமானம் பாதைக்குள்ளேயே நின்றிருக்கும் என்று பின்னர்க் கணக்கிட்டனர். அந்த விநாடிகளில், எண்ணெய் அழுத்தத்தை அறுக்கும் பிடியை இழுத்துப் பூட்டை விடுவிக்க விமானிகள் முயன்றனர் என்று விசாரணையாளர் கருதினர். பழுதைத் திருத்தும் எண்ணம், நிறுத்தும் எண்ணத்தை முந்திக்கொண்டது. விமானம் பாதையின் எல்லையைக் கடந்து, விளக்குக் கம்பங்களில் மோதி, ஒரு சிற்றாற்றின் பள்ளத்திலே எரிந்தது. எழுவரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இது விமானியின் தவறுதான். அதனை மறுப்பது இறந்த ஐந்து அப்பாவிகளுக்குச் செய்யும் அநீதியாகும். அவ்விமானத்தின் பதிவுக் கருவியில் முந்திய 175 எழும்புதல்களின் விவரம் இருந்தது. அவற்றுள் இரண்டில் மட்டுமே அச்சோதனை முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. மறதி ஓரிரவு நிகழ்ந்ததன்று. பன்னெடுநாட் பழக்கம் ஒரு நாள் பலித்தது. ஒருவரையொருவர் நன்கறிந்த இருவர், வாய்விட்டு வாசிப்பதைச் சிறுபிள்ளைத்தனமாகக் கருதியிருக்கலாம்.

ஆனால் 2015 செப்டெம்பரில் முடிவுகளை வெளியிட்ட தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அங்கே நின்றுவிடவில்லை. 1935ஆம் ஆண்டினர் பெற்ற பாடம் இவ்விமானத்தின் உடலிலும் இருந்திருக்கவேண்டும். பூட்டு இருக்கையில், எழும்ப முனையும் தொடக்கத்திலேயே விமானிக்கு ஐயமற்ற எச்சரிக்கை கிடைக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கிணங்க, பூட்டிய நிலையில் விசைப்பிடிகள் 6 பாகைக்குமேல் முன்செல்லாதபடி அமைக்க எண்ணப்பட்டது. உண்மையில் அவை அதனைப்போல் மூன்று நான்கு மடங்கு முன்சென்றன. எழும்புவதற்குப் போதாத விசை. ஆனால் கொல்லும் வேகத்தை எட்டுவதற்குப் போதுமான விசை. அமைத்த கம்பனி அதனை உரியவாறு பரீட்சித்துப் பார்க்கவில்லை. சமஷ்டி அரசாங்கத்தின் விமானத்துறை நிருவாகம் வரைபடங்களைப் பார்த்து ஒப்புதல் அளித்தது. விமானிகள் பூட்டை அசைத்துப் பார்க்காதது போலவே, பூட்டைச் செய்தவர்களும் அனுமதித்தவர்களும் அதனை அசைத்துப் பார்க்கவில்லை. விமானிகள் மட்டுமே அந்த விமானத்தில் இருந்தார்கள்.

இவ்விருவர் மாத்திரந்தான் இப்படியோ என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் தேசிய வர்த்தக விமானச் சங்கம், 2013 முதல் 2015 வரை வர்த்தக விமானங்களில் நிகழ்ந்த ஏறக்குறைய 144,000 எழும்புதல்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 18 எழும்புதல்களில் அச்சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. ஒரு சிறு பங்கில் செய்யப்படவேயில்லை. அவர்களெல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். ஆகவே எந்த அறிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை.

யந்திரத்தின் திறமை இதற்கிடையில் மேலும் வளர்ந்தது. 2020ஆம் ஆண்டில், சீறஸ் கம்பனியாரின் ஒற்றை எஞ்சின் ஜெற் ஒன்றுக்கு, விமானி செயலற்றுப்போனால் பிரயாணியே அழுத்தக்கூடிய ஒரு பொத்தான் கூரையில் அமைக்க அனுமதி கிடைத்தது. அழுத்தியதும் யந்திரம் எரிபொருளையும் வானிலையையும் ஓடுபாதையின் நீளத்தையும் கணக்கிட்டு, நிலையமொன்றைத் தெரிந்து, வானொலியில் தானே அறிவித்து, இறங்கி, நின்று, எஞ்சினை அணைத்துவிடும். லியர்ஜெற்றில் சென்ற அறுவருக்கு வேண்டியிருந்தது இத்தகைய பொத்தானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் நினைவிழந்தவர் எதை அழுத்துவார்? அழுத்தம் குறைந்தால் தானே தாழ இறங்கும் தானியங்கிகள் இந்த வினாவுக்கு விடையாகப் பின்னர் வேறு ஜெற்றுக்களில் வந்துள்ளன.

ஏதென்ஸிலிருந்து சென்ற பல்கனுக்கு நேர்ந்ததற்கோ அவ்வாறு எளிதாக விடை வரவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக் கீன் நகரிலிருந்து சலெஞ்சர் 300 ரக ஜெற் ஒன்று வேர்ஜினியா மாநிலத்துக்குப் புறப்பட்டது. வேகமளக்கும் குழாயொன்றின் உறை கழற்றப்படாதிருந்தமையால் முதலோட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. உறையைக் கழற்றியபின் மீண்டும் எழும்பினர். மேலே ஏறுகையில், வாற்றட்டைச் சமன்செய்யும் பொறி பழுதென்றும், தானியங்கி மூக்கைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறதென்றும் திரையில் எச்சரிக்கைகள் எழுந்தன. விமானிகள் இருவரும் பட்டியலொன்றை எடுத்தனர். அதன் முதல் வரியின்படி ஆளியை நிறுத்தினர். அக்கணமே தானியங்கி விலகிற்று. அதுவரை அது தாங்கிக்கொண்டிருந்த விசை முழுவதும் விடுபட, விமானம் துள்ளி மேலெழுந்தது, பின்னர்த் தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. அவர்கள் வழிமாறி, கனற்றிகட் மாநிலத்து விமான நிலையமொன்றில் இறங்கினர். மூன்று பிரயாணிகளில் ஒருவர் பட்ட காயங்களால் இறந்தார். பெட்போர்டில் பட்டியலை வாசியாத இருவரைப் பற்றிய அறிக்கை வெளிவந்து எட்டு ஆண்டுகள் நிறையவில்லை. இந்த இருவர் பட்டியலைக் கையிலே விரித்து வைத்திருந்தார்கள்.